படிப்புப் பருவத்துச் சிறு இன்பங்கள்

பெரிய இன்பங்களைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பட்டம் பெறும் நாள், வேலைக்கு ஆணை வரும் நாள், முதற் சம்பளத்தை அம்மாவின் கையில் கொடுக்கும் நாள் என்று இவற்றை எண்ணி எண்ணியே நம் பிள்ளைகள் படிக்கின்றனர், நாமும் படிக்கவைக்கின்றோம். அந்நாட்களுக்கும் இன்றைக்கும் இடையே நூற்றுக்கணக்கான சாதாரண நாட்கள் கிடக்கின்றனவே, அவற்றை ஒருவன் எங்ஙனம் கடப்பது என்பது பற்றி மட்டும் நாம் மிகுதியாகப் பேசுவதில்லை. பல்கலைக்கழகத்தின் ஒரு பருவம் ஏறக்குறைய நான்கு மாதம். பாடமும் பயிற்சியும் தேர்வும் நெருக்கும் அந்த நான்கு மாதத்திலும் மாணவனின் மனத்தைத் தாங்கி நிற்பவை சிறு இன்பங்களும் சிறு ஆறுதல்களுமே. அவற்றைத் தேடிக்கொள்வது படிப்புக்கு இழைக்கும் குற்றமாகாது. படிப்பின் ஒரு பகுதியே ஆகும். இதுவே இன்று நாம் சொல்ல விழைவது.

பொதுவாகச் சொல்லிப் போவதைக் காட்டிலும் ஓர் ஊரை வைத்துப் பேசுவது நலம். கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி என்னும் ஊர் உள்ளது. அதே சாலை மலையைக் கடந்து இறங்கிப் பாலாற்று வழியாக மேட்டூரை அடைகிறது. கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு அக்டோபர் முடிய சென்னை இராச்சியத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, நவம்பர் முதல் நாளன்று மைசூர் இராச்சியத்தோடு சேர்ந்தது. மைசூர் மாவட்டத்தைப் பிரித்து 1997-இல் சாமராசநகர் மாவட்டம் அமைத்தபோது இப்பகுதி அதனுள் அடங்கியது. இவ்வட்டாரத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. அவற்றுள் எல்லையைக் கடந்து வந்தவையும் உண்டு. இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை தம்மைக் கடந்து போனவையும் உண்டு.

இப்பக்கத்துப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறான். பள்ளியில் கன்னடம் கற்கிறான். மேற்படிப்புக்கு மைசூர் சென்றால் ஆங்கில நூல்களோடு மல்லாடுகிறான். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள் தோன்றியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அரசராகவும் விசுவேசுவரய்யா திவானாகவும் இருந்த காலம் அது. பின்னர் 1960-இல் குக்கரஹள்ளி ஏரிக்கு மேற்கே எழுந்த வளாகத்துக்குக் கவிஞர் குவெம்பு ‘மானசகங்கோத்திரி’ என்று பெயர் சூட்டினார். மனமாகிய கங்கை பிறக்குமிடம் என்பது அதன் கருத்து. பெயர் அழகியது; ஆனால் அங்கே முதன்முதலாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திறங்கும் பிள்ளைக்குக் கங்கை தோன்றுவதில்லை. விடுதிக் கட்டணமும், புரியாத விரிவுரையும், ஊரில் பட்ட கடனுமே கண்முன் நிற்கின்றன.

ஆண்டுக்கு ஒரே தேர்வு நடந்த காலத்தில் மாணவனுக்குச் சில திங்கள் மூச்சுவிட இடமிருந்தது. இன்று ஆண்டுக்கு இரு பருவம். இடைத்தேர்வு, ஒப்படைப்புக் கட்டுரை, செய்முறைப் பயிற்சி, இறுதித் தேர்வு என்று ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று வருகிறது. இந்தச் சுமை எல்லார்க்கும் பொது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கோ வேறொரு சுமையும் உண்டு. “நாம் இங்கே ஒரு டம்ளர் காப்பி குடிக்கும் காசு அப்பா வெயிலில் நின்று தேடிய காசல்லவா? நாம் ஏரிக்கரையில் நடக்கும் அரைமணி நேரம் வீட்டாரை ஏமாற்றிய நேரமல்லவா?” என்று அவன் நெஞ்சம் கேட்கிறது. உண்ணும்போது படிக்கவில்லையே என்று வருந்துகிறான். படிக்கும்போது உறங்கவில்லையே என்று வருந்துகிறான். உறங்கும்போது தேர்வைக் கனவு காண்கிறான். இவ்வாறு படிப்பும் நிறைவதில்லை, ஓய்வும் நிறைவதில்லை. கடின உழைப்பினும் கொடியது இந்தக் குற்றவுணர்வே.

ஆறுதல் அருகிலேயே இருந்தும் அதை எடுத்துக்கொள்ளும் வழி தெரியாமற் போவதுண்டு. இதற்குத் தமிழ் மாணவர் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கின்றது. கணித மேதை இராமானுசன் 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்ததால் உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய தேர்விலும் தேறவில்லை. 1914-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரிக்கு அவர் போய்ச் சேர்ந்த கதை எல்லாரும் அறிந்ததே. அங்கே குளிர்காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை மட்டும் நாம் இங்கே எடுத்துக்கொள்வோம்.

அப்போது கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த மகலனோபிஸ் ஒருநாள் இராமானுசனின் அறைக்குச் சென்றார். இவரே பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தவர். இரவில் குளிர் தாங்குகிறதா என்று அவர் வினவ, மேலங்கியை அணிந்து சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தாலும் குளிர்கிறது என்றார் இராமானுசன். மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அந்த விரிப்பின் கீழே மட்டும் இராமானுசன் படுத்து வந்தார். கம்பளிகளை விலக்கி அவற்றினுள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, மகலனோபிஸ் சொல்லிக்கொடுத்தார்.

எண்களின் உள்ளத்தையே கண்ட பேரறிஞர் ஒருவர், தம் உடலுக்கு அடியிலேயே கம்பளிகள் இருக்கக் குளிரில் நடுங்கினார் என்றால், பதினெட்டு வயதுப் பிள்ளையை நாம் குறைசொல்ல என்ன இருக்கிறது? அறிவு வேறு, புதிய இடத்தில் வாழும் வகை வேறு. இரண்டாவதை ஒருவர் மற்றொருவர்க்குச் சொல்லியே தரவேண்டும். இராமானுசன் தாமே சமைத்து உண்டார். வேலையில் ஆழ்ந்தால் உணவு வேளை தவறிவிடும். போர்க்காலமாதலின் அவருக்கேற்ற மரக்கறி உணவுப் பொருள்களும் அரிதாயின. 1917-இல் நோயுற்றார், 1920-இல், தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். மேதையாயினும் உடலின் தேவை தனக்குரிய பங்கைக் கேட்கிறது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

இனி மைசூருக்கே வருவோம். ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதி உலகப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயண் 1906-இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் மைசூரில் தலைமையாசிரியர். எனவே நாராயணும் நம்மைப்போல் பிற மாநிலத்தில் வாழ்ந்த தமிழரே. அவர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறவில்லை. அடுத்த ஓராண்டை வீட்டில் இருந்தபடியே நூல்கள் படிப்பதிலும் எழுதிப் பார்ப்பதிலும் கழித்தார். குக்கரஹள்ளி ஏரிக்கரையிலும் சாமுண்டி மலைப் பக்கத்திலும் நடந்து திரிந்தார். 1926-இல் தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் பட்டம் பெற வழக்கத்தைவிட ஓராண்டு கூடுதலாயிற்று. முதல் நாவல் 1935-இல் வெளிவந்தது. மால்குடி என்னும் கற்பனை ஊரைப் படைத்த கண்கள், தேர்வில் தவறிய அந்த ஆண்டின் நடைகளிலும் பயிற்சி பெற்றன என்று கருதுவதில் தவறில்லை. தேர்வில் தவறுவது நல்லது என்று நாம் சொல்லவரவில்லை. தவறிய காலத்திலும் ஏரியும் நூலும் நடையும் ஒருவனைக் காப்பாற்றி வைத்திருக்க முடியும் என்பதே கருதத்தக்கது.

அந்த ஏரி இன்றும் இருக்கிறது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864-இல், பாசனத்துக்காக வெட்டப்பட்டது அது. கரை நெடுக நடைபாதை உண்டு. கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் அங்கே மாணவர்க்கு அஞ்சாமல் தம் தொழிலைச் செய்கின்றன. கூழைக்கடா ஒன்று நீரில் இறங்கும் காட்சியை நின்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடமும் பாடத்துக்கு நட்டமா? இதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட சில உண்மைகள் விடை கூறுகின்றன.

அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவைக்குப்பின் அங்கே படுத்திருந்தவர்களின் பழைய குறிப்புகளை உல்ரிச் என்பவர் ஆராய்ந்து, 1984-இல் முடிவை வெளியிட்டார். சிலருடைய சாளரத்தின் வழியே மரங்கள் தெரிந்தன. சிலருக்குச் செங்கற்சுவர் மட்டுமே தெரிந்தது. மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. ஆராய்ச்சி சிறியதே, ஒவ்வொரு தொகுதியிலும் இருபத்துமூவரே இருந்தனர். எனினும் பச்சை மரத்தைக் காணும் இன்பம் உடல்வரையில் எட்டுகிறது என்று அது சுட்டுகிறது.

மற்றொன்று உறக்கத்தைப் பற்றியது. 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். பொருளற்ற அசைகளை மாணவர் இருவரை மனப்பாடம் செய்யவைத்து, சில வேளை உறங்கவிட்டும் சில வேளை விழித்திருக்கவிட்டும் பிறகு சொல்லக் கேட்டனர். அதே அளவு நேரம் விழித்திருந்தபோது மறந்ததைவிட, உறங்கி எழுந்தபோது மறந்தது குறைவாயிருந்தது. படித்தது பதியவும் உறக்கம் உதவுகிறது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் காட்டியுள்ளன. ஆகவே தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுதும் விளக்கெரித்து விழித்திருப்பவன், பாத்திரத்தில் நீரை ஊற்றிக்கொண்டே அடியில் துளையும் போடுகிறான். கண்ணை மூடி உறங்குவது சோம்பல் என்று எண்ணும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லவேண்டும்.

சரி, மாணவன் நாடத்தக்க சிறு இன்பங்கள் எத்தகையவையாக இருத்தல் வேண்டும்? மூன்று இலக்கணம் சொல்லலாம். அவை அருகில் இருக்கவேண்டும். செலவு மிகாமல் இருக்கவேண்டும். முடிவு உடையவையாக இருக்கவேண்டும். தொலைவில் இருப்பது கைக்கு எட்டாது. செலவு மிகுந்தால் குற்றவுணர்வைக் கூட்டும். முடிவில்லாதது மனிதனையே விழுங்கிவிடும். கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் படக்காட்சிகள் மூன்றாம் இலக்கணத்தில் தவறிவிடுகின்றன. ஒரு டம்ளர் காப்பிக்கு அடி உண்டு. ஏரிக்கரைக்குச் சுற்று உண்டு. ஒரு பாட்டுக்கு இறுதி உண்டு. கைப்பேசியின் காட்சிக்கோ கரை கிடையாது. பத்து நிமிடம் என்று தொடங்கி நள்ளிரவில் எழுகின்றவன் இளைப்பாறியவனாக எழுவதில்லை.

உணவை முதலில் வைப்போம். கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ் வீட்டில் கேழ்வரகுக் களி பழக்கமான உணவு. மைசூரில் அதுவே ‘ராகி முத்தே’ என்ற பெயரோடு உண்கலத்தில் வருகிறது. பெயர் மாறினும் உருண்டை அதே உருண்டை. மார்கழி, தை மாதங்களில் பச்சை அவரை வந்துவிட்டால், ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைப்பது எல்லைக்கு இருபுறத்தும் உள்ள வழக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தார் பிதுக்குப் பருப்பு என்பர். கன்னடரும் அவரையைப் பிதுக்கியே சமைக்கின்றனர். அறை எடுத்துச் சேர்ந்து தங்கும் நான்கு மாணவிகள் ஒரு மாலை அவரையைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், விரல்கள் வேலை செய்யும், நாக்குப் பேசும், மனம் இளைப்பாறும். யாரும் யாரையும் பார்த்து, “உனக்குக் கவலையா?” என்று கேட்கவேண்டியதில்லை; கவலை தானே வெளிவந்துவிடும். குழம்பு கொதிக்கும்போது பாதிச் சுமை குறைந்திருக்கும்.

அடுத்தது வாரத்தில் ஒரு மாலை. மைசூர் அரண்மனையில் ஞாயிறு மாலைகளில் ஏறக்குறைய ஓர் இலட்சம் மின்விளக்குகள் ஒரே நொடியில் ஒளிர்கின்றன. தெருவில் நின்று பார்ப்பதற்குக் கட்டணமில்லை. சாமுண்டி மலைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். நடுவழியில் ஒரே கல்லில் அமைந்த பெரிய நந்தி. அங்கே வரையில் ஏறி, கீழே ஊரை ஒருமுறை பார்த்தால், தேர்வு மண்டபமும் அந்தப் பரப்பில் ஒரு சிறு கட்டடமாகவே தோன்றும். தேவராஜா சந்தையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி அறையில் வைத்தால், அந்த மணம் அன்றிரவுப் பாடத்துக்குத் துணை இருக்கும். இவற்றையெல்லாம் ஒரே வாரத்தில் செய்யவேண்டும் என்பதில்லை. ஒன்று போதும், ஆனால் அது கால அட்டவணையில் பாடத்தைப்போல் இடம்பெறவேண்டும். “ஞாயிறு ஆறு மணி முதல் எட்டு மணி வரையில் நடை” என்று எழுதிவைத்தவன், அந்த இரண்டு மணியில் திருடனைப்போல் அஞ்சுவதில்லை. அது அவனுக்கே உரிய நேரமாகிவிடுகிறது.

மூன்றாவது மொழி. பிற மொழி நடுவே நாளெல்லாம் நாக்கைத் திருப்பிப் பேசியவனுக்கு, மாலையில் பத்து நிமிடம் தாய்மொழி கேட்பது வெந்நீரில் குளித்தாற்போன்றது. ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு சிறுகதை, ஊர்க்காரன் ஒருவனோடு ஊர்ப்பேச்சு எதுவாயினும் ஆகுக. ஆயினும் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டுமே கூடியிருந்து கன்னட நண்பனைத் தேடாதிருப்பது, அருகில் உள்ள கம்பளியை விலக்கிப் பாராமல் குளிரில் படுப்பதைப் போன்றதே. கௌதள்ளிப் பிள்ளைக்குக் கன்னடம் அயல்மொழியன்று. அவன் விளையாடிய மொழி. இரு மொழியிலும் சிரிக்கத் தெரிந்தவனுக்கு ஆறுதலும் இரு மடங்கு.

பொழுதுபோக்குகளை அற்பம் என்று தள்ளவேண்டாம் என்பதற்கு நம் வானொலியே சான்று. மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராயிருந்த எம். வி. கோபாலசுவாமி 1935-இல் தம் இல்லத்தில் ஒரு சிறு ஒலிபரப்பியை நிறுவினார். பாடம் நடத்தும் வேலைக்கு அது எவ்வகையிலும் தேவையில்லாதது. அவருக்கோ அதில் இன்பம் இருந்தது. அச்சிறு நிலையத்துக்கு வழங்கிய ‘ஆகாசவாணி’ என்ற பெயரே பின்னர் அகில இந்திய வானொலிக்கும் பெயராயிற்று. ஓய்வுநேர இன்பம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று யார் அறிவார்!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லாத் துன்பத்துக்கும் காப்பியும் நடையும் மருந்தாகிவிடா. சில வாரம் தொடர்ந்து உறக்கம் கெட்டு, உணவு செல்லாமல், விருப்பமாயிருந்த ஒன்றிலும் விருப்பம் அற்று, வாழ்வதே வீண் என்ற எண்ணம் ஒருவன் மனத்தில் எழுமாயின், அதைச் சோர்வு என்று விட்டுவிடலாகாது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதைப்போல இதற்கும் போகவேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். தயங்குகிற பிள்ளைக்கு நண்பன் ஒருவன் அந்த எண்ணை அழுத்திக் கொடுத்தால் அதுவும் கம்பளியை விலக்கிக் காட்டிய செயலே ஆகும்.

இறுதியாகப் பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு சொல். பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று வேறு வேறு ஊர்களில் விடுதிகளில் இருக்கின்றனர். இரவில் தொலைபேசியில் அவர்களை அழைக்கும்போது நம் முதற் கேள்வி எதுவாக இருக்கிறது? மதிப்பெண்ணைக் கேட்டால் பிள்ளை மதிப்பெண்ணைச் சொல்வான், மற்றவற்றை மறைப்பான். கௌதள்ளித் தாய் ஒருத்தி, பாடத்தின் பெயர் கூடத் தெரியாதவள், “சாப்பிட்டியா கண்ணு? இன்னைக்கு எங்க போனே, என்ன பார்த்தே?” என்று கேட்பாளாயின், அவள் கேட்பதே உயர்ந்த கேள்வி. ஏரியில் பறவை பார்த்தேன் என்று அவன் சொன்னால், “படிக்காமல் பறவையா?” என்று அதட்டாமல், “என்ன பறவை?” என்று கேட்போமாக. அந்த ஒரு சொல்லால் அவனுடைய அரைமணி நேரம் குற்றம் நீங்கிய இன்பமாகிவிடும். அடுத்த மணி நேரப் படிப்பும் தெளிவாகும்.

நம் பிள்ளைகளை நெடுந்தூரம் போகச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வழியில் சுமைதாங்கிக் கல் நட்டுவைத்த முன்னோரின் வழிவந்தவர் நாம். தலைச்சுமையோடு நடப்பவன் சுமையை ஒரு கணம் இறக்கிவைத்து மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று அவர்கள் கருதவில்லை. அதற்கென்று கல்லே நட்டார்கள். படிப்பின் நெடுவழியில் சிறு இன்பங்களே சுமைதாங்கிகள். அவற்றின் அருகே நம் பிள்ளைகள் நின்று இளைப்பாறட்டும். இளைப்பாறியபின் சுமையைத் தாமே எடுத்துக்கொள்வார்கள்.